கீழ் வீட்டுக் கேசட்டு

பை அங்கேயே இருக்கட்டும் அக்கா, எனக்குக் கால் வைக்க எடம் போதும். நான் மார்த்தாண்டத்துல எறங்கிருவேன். ஆமா, ஏர்போர்ட்லேந்துதான் வாரேன். பெட்டியில ஒட்டியிருக்கது இஸ்ரேல் சீட்டுதான், சரியாத்தான் பாத்திருக்கிய. லீவுக்கு வரல்ல. வேலய விட்டு அனுப்பிட்டாவ. நாலு வருச விசா, ஏழு மாசத்துல முடிஞ்சுபோச்சு.

நான் களவெடுத்தேனா? இல்ல. கெழவர அடிச்சேனா, மருந்த மாத்திக் குடுத்தேனா, பட்டினி போட்டேனா? யார்ட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஒரு கேசட்டு. பாட்டு கேசட்டு, அக்கா. இந்தக் காலத்துல கேசட்டு எவ வச்சிருப்பா? கீழ் வீட்டுக்காரி வச்சிருந்தா. அதுக்கு நானா பொறுப்பு?

எம் பேரு ரோஸ்லெட். கருங்கல் பக்கம். நர்சு வேலைக்குப் படிச்சு, ரெண்டு ஆஸ்பத்திரியில பதினாறு வருசம் பாத்தவ நான். அங்க போனது வயசானவியள வீட்டுல இருந்து பாக்குத வேல. டெல் அவீவ் பக்கத்துல ஒரு ஊரு, மூணு மாடிக் கட்டடம், லிப்ட் கெடையாது. ரெண்டாவது மாடியில என் கெழவரு. எண்பத்தெட்டு வயசு. மெண்டல்னு பேரு. நான் சாபான்னு கூப்பிடுவேன், தாத்தாவுக்கு அங்க அதுதான் வார்த்த. நான் போறதுக்கு முந்தின மாசம்தான் பக்கவாதம் வந்து விழுந்திருக்காரு. நடக்க முடியாது. பேச்சும் போச்சு. அஞ்சாறு வார்த்த மட்டும் மிச்சம்: தண்ணி, வலி, இல்ல, நூரித், சன்னல். நூரித் அவரு மக. ஹைஃபாவுல டீச்சர். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வருவா. என்கிட்ட இங்கிலீஷ்ல பேசுவா.

சாபா சாதாரண ஆளில்ல பாத்துக்கிடுங்க. டெல் அவீவ்ல நாப்பது வருசம் ரெக்கார்டு கட வச்சிருந்தவரு. அங்க உள்ள ஜெப ஆலயத்துல முன்னால நின்னு பாட்டாவே ஜெபம் பண்ணுவாவ, அதுக்குன்னே தேர்ந்த பாட்டுக்காரங்க. அவங்க ரெக்கார்டுக்கு அந்தக் கடதான் பேரு பெத்ததாம். ஜெருசலேம்லேந்து பஸ் புடிச்சு வருவாவளாம். வீட்டுல ஒரு சுவரு முழுக்க அலமாரி, உள்ள பூரா ரெக்கார்டு. மேளம் கெடையாது, தாளம் கெடையாது. ஒரு ஆம்பள கொரலு, அழுதுக்கிட்டே ஏறும், அழுதுக்கிட்டே எறங்கும். ஒரு வார்த்த எனக்குப் புரியாது. ஆனா கேட்டா மரியாதையா இருக்கணும்னு தோணும். நாங்க சபைக்குப் போற குடும்பம் அக்கா. தாவீது பாடின தேசத்துக்குப் போறோம்னுதான் பிளேன் ஏறினேன். அந்த தேசத்துப் பாட்டு இப்பிடித்தான இருக்கணும்?

"இப்ப ஏன் கட இல்ல?"ன்னு நூரித்கிட்ட ஒருக்கா கேட்டேன்.

"வாங்க ஆள் இல்ல ரோஸ்லெட். மொதல்ல போலந்துலேந்து வந்த எங்க ஆளுங்க இத வாங்கினாங்க. அப்புறம் ரேடியோக்காரங்க போட்ட பாட்டு, வயலப் பத்தி, பாலைவனத்தப் பத்தி. அப்புறம் ஏமன்லேந்து, மொராக்கோலேந்து, ஈராக்லேந்து வந்தவங்க கேசட்டு. பஸ் ஸ்டாண்டுல தள்ளுவண்டியில வித்தாங்க. ரேடியோவுல ஒருத்தரும் போட மாட்டாங்க, எங்கப்பா கடைக்குள்ளயே விட மாட்டாரு. ஆனா நாடே அதத்தான் வாங்கிச்சு"ன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா. வருத்தத்த மறைக்கத்தான் சிரிக்கான்னு எனக்குத் தெரியாதா?

அன்னைக்கே எனக்கு விசயம் புரிஞ்சுபோச்சு. இந்த மனுசன் பொழப்பக் கெடுத்தது அந்தக் கேசட்டு.

இப்ப கேளுங்க. கீழ, முதல் மாடியில, நேர் எங்க சன்னலுக்குக் கீழ ஒருத்தி. அறுபது வயசு இருக்கும். தையக்காரி. பேரு மசால். மசாலா இல்ல, மசால். அதிர்ஷ்டம்னு அர்த்தமாம். எனக்கு வாய்ச்ச அதிர்ஷ்டம்! தெனமும் சாய்ங்காலம் நாலு மணி ஆனாப் போதும், சன்னல விரியத் தொறந்து வச்சுக்கிட்டுப் பாட்டு போடுவா. மெதுவா இல்ல. கட்டடம் அதிரும். ஒரு தகர டின்ன அடிக்க மாதிரி தாளம், கையத் தட்டுத சத்தம், நடுவுல ஒரு ஆம்பள தொண்டைய நெளிச்சு நெளிச்சுப் பாடுவான். எப்பிடிச் சொல்ல? நம்ம ஊர்ல அம்மன் கோயில் கொடைக்கு ஸ்பீக்கர் கட்டிப் போடுவானுவல்லா, அச்சு அசல் அதுதான். அந்தப் பாட்டு வந்தா எங்கம்மா மொத வேலயா சன்னலச் சாத்துவா. எங்க வீட்டுப் பிள்ளைங்க அதக் கேக்கப்பிடாது. கேட்டுட்டுக் காலாட்டினா முட்டியிலேயே அடி விழும். அதுக்குத் தப்பிச்சு கடல் தாண்டிப் போனா, அங்கயும் வந்து நிக்குது அதே பாட்டு!

நான் போன ரெண்டாவது நாளு. பாட்டு ஆரம்பிச்சுது. எங்க சன்னல் பாதி தொறந்து கெடந்துது. சாபா மொகம் அப்பிடியே மாறிச்சு. "ஹலோன், ஹலோன்"னு சொன்னாரு. ஹலோன்னா சன்னல். ஒத்த வார்த்த. நான் ஓடிப்போய் இழுத்துச் சாத்தினேன். அவரு இன்னும் சத்தமா, "ஹலோன்!" நான் கொக்கியையும் போட்டேன். கட்டில் கம்பியில டம்டம்னு அடிச்சாரு. கண்ணுலேந்து தண்ணி வடியுது. எவ்வளவு வெறுப்பு இருந்தா அப்பிடி அழுவாரு? நான் திரையையும் இழுத்துவிட்டேன். அலமாரியிலேந்து ஒரு ரெக்கார்ட எடுத்துப் போட்டேன், அந்த ஜெபப் பாட்டு. கொஞ்ச நேரத்துல கண்ண மூடிட்டாரு. பக்தி. சில நாளு கொறட்ட கூட வரும்.

ஒரு மாசம் தெனமும் இதே. நாலு மணி ஆனா ஹலோன், நான் சாத்துவேன், ரெக்கார்டு போடுவேன். அதுக்கப்புறம் சொல்லுதத நிறுத்திட்டாரு. நாலு மணிக்குச் சுவரப் பாத்துப் படுத்துக்கிடுவாரு. நூரித் கேட்டா, "அப்பா கொஞ்சம் சோர்ந்திருக்காரோ?"ன்னு. "இல்ல, அமைதியாயிட்டாரு"ன்னு சொன்னேன். வெயில் காலம் வேற வந்துட்டு, ஏசி ஓடும். சன்னல் சாத்தியிருக்கது யாருக்கும் வித்தியாசமாத் தெரியல்ல.

நான் சன்னலச் சாத்தச் சாத்த அவ சத்தத்தக் கூட்டுனா. சத்தியமா அக்கா. முதல்ல ஒரு பெட்டி. பொறவு ரெண்டு ஸ்பீக்கர சன்னல் திட்டுல தூக்கி மேல பாக்க வச்சா. மேல பாக்க! என் மண்டையக் குறி வச்சு. இத என்னன்னு எடுத்துக்கிட?

ஒருநாள் மேல ஏறி வந்துட்டா. கதவத் தட்டுதா. சங்கிலியப் போட்டபடியே தொறந்தேன். கையில ஒரு தட்டு, மூடி வச்சிருக்கா. உள்ள எட்டி எட்டிப் பாக்கா.

"மெண்டல்?"ன்னா.

"ஸ்லீப்பிங்"ன்னேன்.

என்னமோ படபடன்னு பேசினா. எனக்கு மொழி எவ்வளவு தெரியும்? பயிற்சியில சொல்லித்தந்த நாப்பது வார்த்த. கடைசியில அவ கைய நெஞ்சுல வச்சு, சன்னல் பக்கம் காட்டி, "பிஷ்விலோ. பிஷ்விலோ"ன்னு ரெண்டு தடவ சொன்னா. திட்டுதான்னு தெரிஞ்சுது. திட்டுக்கு அர்த்தம் என்னத்துக்கு? "நோ மியூசிக்! சிக் மேன்! யூ ஷேம்!"ன்னு கத்திக் கதவ அடைச்சேன். தட்ட வாசல்லயே வச்சுட்டுப் போயிருந்தா. ஏதோ மாவு அப்பம். பூனைக்குப் போட்டேன்.

கட்டடத்துக்கு ஒரு கமிட்டிக்காரரு உண்டு, தரைத் தளத்துல. போலந்துக்காரரு, சாபா மாதிரியே. இங்கிலீஷும் தெரியும். இவருக்காவது நம்ம கஷ்டம் தெரியும்னு புகார் சொல்லப் போனேன். அவரு தோளக் குலுக்குதாரு.

"அரை மணி நேரம்தான போடுதா? ஒருத்தரும் புகார் சொல்லலயே."

"அது என்ன பாட்டு சார்? ஜெப ஆலயப் பாட்டா? ஒரு மரியாத வேண்டாமா?"

"அம்மா, இப்ப பஸ்ல ஏறு, அதுதான். டாக்ஸில ஏறு, அதுதான். போன வருசம் எம் மக கல்யாணம். எங்க வழிப் பாட்டுக்காரன ஏற்பாடு பண்ணினேன். பாதியிலேயே பிள்ளைங்க அத நிறுத்திட்டு இதப் போட்டு ஆடிச்சுவ. நானும் ஆடினேன். என்ன செய்யச் சொல்லுத?"

கேட்டியளா? இவரு பெரிய மனுசன்.

நூரித்தோட மருமகன் ஒருத்தர் வந்தாரு ஒருநாளு. கறுப்புத் தொப்பி, தாடி, நல்ல தெய்வ பக்தி உள்ளவரு. சரி, இவருகிட்டயாவது நல்ல பாட்டு இருக்கும்னு பாத்தா, போன எடுத்து சாபா காதுகிட்ட ஒண்ணப் போடுதாரு. வார்த்த பூரா சங்கீதமாம், வேதத்துல உள்ளதாம். ஆனா பின்னால அடிக்கது டிஸ்கோ. "எங்க ஆளுங்க கல்யாணத்துல இதுதான் இப்ப முதல் எடம், அமெரிக்காவுல கூட இதுதான்"னு பெருமை வேற. சாபா மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. எனக்கு அன்னைக்கு அவரு மேல ஒரு பாசமே வந்துட்டு. இந்த உலகத்துல உண்மையான பாட்டு எதுன்னு தெரிஞ்ச ரெண்டே பேரு, நானும் சாபாவும்னு நெனச்சேன்.

இப்பிடியே ஆறு மாசம் போச்சு.

செப்டம்பர்ல ஒருநாளு நூரித் மதியமே வந்தா. ஒரு மருந்து தீந்துபோச்சு, மருந்துக் கடைக்குப் போய்ட்டு வான்னா. அங்க பெரிய வரிசை. முடிஞ்சு நான் திரும்பும்போது நாலு தாண்டிட்டு. படி ஏறும்போதே சத்தம் கேக்குது. கீழ் வீட்டுலேந்து இல்ல. மேலேந்து. எங்க வீட்டுக்குள்ளேந்து!

கதவு தொறந்து கெடக்கு. சாபா ரூம்ல சன்னல் விரியத் தொறந்து கெடக்கு. கட்டில்கிட்ட என் நாற்காலியில அவ உக்காந்திருக்கா. மசால். மடியில ஒரு பழைய டேப் ரெக்கார்டர். அந்தத் தகரத் தாளம் ஓடுது. சாபா கண்ணுலேந்து தண்ணி கொட்டுது, தாடை நடுங்குது. நூரித்தக் காணல்ல. அவள உள்ள விட்டதே நூரித்துதான், அடுக்களையில இருந்திருக்கா, எனக்கு அது தெரியாது. அவ இல்லாத நேரம் பாத்து இவ உள்ள நொழஞ்சு கெழவரக் கொல்லுதான்னுதான் நெனச்சேன். வேற யாரு என்ன நெனப்பா, சொல்லுங்க?

போய் அந்தப் பெட்டியப் புடுங்கினேன். மூடியத் தொறந்து கேசட்ட எடுத்தேன். விரல விட்டு நாடாவ உருவினேன். மீனுக்குக் குடல உருவுத மாதிரி, முழம் முழமா. அவ எந்திரிச்சா. கத்துவான்னு பாத்தேன், அடிக்க வருவான்னு பாத்தேன். நானும் தயாராத்தான் நின்னேன். அவ கத்தல்ல. தரையில உக்காந்தா. உருவுன நாடாவ ஒண்ணொண்ணா எடுத்துப் பாவாடைக்குள்ள சேத்தா. ஒரு எடத்துல நான் இழுத்த இழுப்புல அறுந்துபோச்சு. ரெண்டு நுனியையும் கையில புடிச்சு வச்சுக்கிட்டு அப்பிடியே இருந்தா.

சாபா ஒரு சத்தம் போட்டாரு. வார்த்த இல்ல. மாடு கத்துத மாதிரி.

நூரித் ஓடி வந்தா. தரையப் பாத்தா. என் கையப் பாத்தா. "என்ன செஞ்ச? ரோஸ்லெட், என்ன செஞ்ச?"

"உங்கப்பாவக் காப்பாத்தினேன். இந்தப் பாட்டு அவருக்குப் பிடிக்காது. ஆறு மாசமா நான் சன்னலச் சாத்தித்தான் பாத்துக்கிடுதேன்."

"ஆறு மாசமா சாத்தியா வச்சிருந்த?"

"ஹலோன், ஹலோன்னு அவருதான் சொல்லுவாரு."

நூரித் கட்டில் ஓரத்துல உக்காந்துட்டா. பொறவு மெதுவாத்தான் பேசினா. அவ மெதுவாப் பேசினதுதான் எனக்குப் பிடிக்கல்ல.

"தொறக்கச் சொல்லியிருக்காரு ரோஸ்லெட்" அப்படின்னா. "அது அவ புருசன் கொரலு. யெஹ்யா. ஏமன்காரரு. கல்யாண வீட்டுல பாடுவாரு. முப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னால தன் கேசட்ட எடுத்துக்கிட்டு எங்கப்பா கடைக்கு வந்தாரு, வித்துக் குடுங்கன்னு. எங்கப்பா வாடிக்கைக்காரங்க முன்னால வச்சு, 'இது பாட்டில்ல, சந்தச் சத்தம், சந்தைக்கே கொண்டு போ'ன்னு வெளிய அனுப்பினாரு. நான் அங்கதான் நின்னேன். பொறவு கட போச்சு, எங்கம்மாவும் போனா, நான்தான் இந்த வீட்டப் பாத்து வாங்கிக் குடுத்தேன். கீழ யாரு இருக்கான்னு எங்களுக்குத் தெரியாது. யெஹ்யாவுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒருநாள் கூட அதப் பத்திப் பேசல்ல. படியில பாத்தா வணக்கம் சொல்லுவாரு, அவ்வளவுதான்.

"நாலு வருசம் முன்னால அவரு செத்தாரு. துக்க வீட்டுல இந்தக் கேசட்டப் போட்டாங்க. எங்கப்பா மேலேந்து கேட்டுட்டு, எறங்கிப் போய் வாசல்ல நின்னு, 'நான் உள்ள வந்து உக்காரலாமா?'ன்னு மசால்கிட்டக் கேட்டிருக்காரு. அன்னையிலேந்து தெனமும் நாலு மணிக்குக் கீழ போவாரு. ரெண்டு பேரும் காப்பி குடிச்சுக்கிட்டு இதக் கேப்பாங்க. விழுந்ததுக்கப்புறம் எறங்க முடியல்ல. அதான் அவ சத்தமா வச்சா. மேல வரைக்கும் கேக்கணும்னு."

நான் கேட்டேன், "அப்ப பிஷ்விலோன்னா?"

நூரித் என்னப் பாத்தா. "அவருக்காகன்னு அர்த்தம்."

அந்தக் கேசட்டு ஒண்ணுதான் மிச்சமாம். வித்தது எல்லாம் தேஞ்சு ஓடி எங்கேயோ போச்சாம். யெஹ்யா கொரலு வேற எதுலயும் கெடையாதாம்.

சரி அக்கா. நான் ஒண்ணு கேக்குதேன். இத மொத நாளே என்கிட்டச் சொல்லியிருக்கணுமா வேண்டாமா? மருந்துச் சீட்டு குடுத்தா, டயப்பர் அளவு சொன்னா, உப்பு கொறைக்கச் சொன்னா. பாட்டப் பத்திச் சொன்னாளா? கடைக்குள்ளயே விட மாட்டாருன்னு சொன்னா. அதத்தான நான் நம்பினேன்? அவரு மாறினா எனக்கு யாரு கடுதாசி போடுவா? நாப்பது வருசம் ஒண்ண வேண்டாம்னு சொன்ன மனுசன் கடைசியில வேணும்னு சொன்னா, வேலக்காரி கண்டுபிடிக்கணுமாக்கும்.

"மன்னிப்பாவது கேளு"ன்னா நூரித். யார்ட்ட? அந்தத் தையக்காரிகிட்டயா? கதவத் தட்டும்போது ஒழுங்கா இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா நான் தொறந்திருப்பேன்லா? நான் கேக்கல்ல. மறுநாள் காலையில ஏஜென்சிக்குப் போன் போட்டுட்டா. வேற வீடும் கெடைக்கல்ல. நூரித் கடுதாசியில எழுதி வச்ச விசயத்தப் படிச்சுட்டு எவ எடுப்பா?

நாலாவது நாளு பெட்டியக் கட்டிட்டு எறங்குதேன். சாபா ரூம் காலி. காலையிலேயே அந்தக் கமிட்டிக்காரரும் மருமகனும் நாற்காலியோட அவரத் தூக்கிட்டுக் கீழ போயிட்டாவ. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்ல. ஏழு மாசம் குளிப்பாட்டி, துடைச்சு, தூக்கி உக்கார வச்சவ நான். சொல்லாமப் போனா நல்லாருக்காதுன்னு அவ வீட்டு வாசல்ல நின்னேன். கதவு தொறந்துதான் இருந்துது.

தையல் மிஷின ஓரமாத் தள்ளிட்டு அந்த எடத்துல சாபாவ வச்சிருக்கா. எவனோ நாடாவ ஒட்டிக் குடுத்திருக்கான் போல. பாட்டு ஓடுது. அந்த அறுந்த எடம் வந்துது. கர்ருன்னுச்சு. தாளம் நின்னுட்டு, கொஞ்ச நேரம் வெறும் எரைச்சல். அந்த எடத்துல மசால் பாடினா. புருசன் விட்ட வரிய அவ பாடினா. நல்ல கொரலெல்லாம் கெடையாது, கரகரன்னு இருக்கும். பாடி முடிக்கவும் மறுபடி அவன் கொரலு வந்து சேந்துக்கிட்டு. சாபா அவ வாயையே பாத்துட்டு இருந்தாரு. நான் அந்த வீட்டுல இருந்த ஏழு மாசத்துல அப்பிடி ஒரு மொகத்தப் பாத்ததே கெடையாது.

"சாபா"ன்னு கூப்பிட்டேன். "சாபா, நான் போயிட்டு வாரேன்."

திரும்பிப் பாத்தாரு. அவரு வலது கை உங்களுக்குத் தெரியாதே. நான் போகும்போது அது கட்ட மாதிரிக் கெடந்த கை. டாக்டரே இனி வராதுன்னு விட்டது. காலையிலயும் ராத்திரியும் எண்ண தேச்சு, ஒவ்வொரு விரலா மடக்கி, நிமித்தி, நான்தான் அதுக்கு உசுரு கொண்டு வந்தேன். ஆட்ட மாட்டாரு, அலுத்துக்கிடுவாரு, நான் விட மாட்டேன். ஆகஸ்டுலதான் ஒரு விரல் அசைஞ்சுது. அன்னைக்கு நான் அழுதேன்.

அந்தக் கையத் தூக்கினாரு அக்கா. நடுங்கி நடுங்கித்தான் தூக்கினாரு. எனக்கு டாட்டா காட்டத்தான் தூக்குதாருன்னு நானும் கையத் தூக்கினேன்.

அந்த விரலக் கொண்டுபோய் வாயில வச்சாரு. சத்தம் போடாதன்னு.